பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கம்

என் புருஷனை ஊருக்குக் கூப்பிடுவதற்காகத்தான் நான் பேஸ்புக்கில் பக்கம் தொடங்கினேன். மற்றவர்கள் அதைச் சமூகசேவை என்றார்கள். பங்குச் சுவாமி பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கொழும்பிலிருந்து வந்த நிறுவனக்காரர்கள் மன்னாரில் ஒரு மண்டபத்தில் என்னை மேடையேற்றி, சமூக ஊடகத்தால் சமூகத்தைக் கட்டியெழுப்பும் பெண் என்று பின்னால் பதாகை கட்டிப் பேசவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் அரைமணித்தியாலம் பேசினேன். உண்மை இவ்வளவுதான்: அலெக்ஸாண்டர் பிரான்சில் இருந்தார், நான் ஊரிப்பாட்டில் இருந்தேன், அவருக்கு ஊர் மறந்துபோகும் என்று எனக்குப் பயம்.

ஊரிப்பாடு தலைமன்னாருக்குப் போகிற வழியில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற சின்ன ஊர். எல்லாரும் வேதக்காரர், எல்லாருக்கும் கடற்றொழில். தொண்ணூறில் பாதிச் சனம் வள்ளமேறி இராமேஸ்வரம் போனது. அதில் திரும்பி வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாயிரத்து ஆறில் மறுபடியும் போனார்கள். பிறகு கரையைக் கடற்படை எடுத்துக்கொள்ள, மிஞ்சியிருந்த நாங்கள் மன்னார் டவுனில் சொந்தக்காரர் வீடுகளில் ஒதுங்கினோம். சண்டை முடிந்து, மீள்குடியேற்றம் என்று எங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது கோயிலுக்குக் கூரை இல்லை, கிணறுகளில் தண்ணீருக்குப் பதில் மண் இருந்தது. தகரம் தந்தார்கள், சீமெந்து தந்தார்கள். சனத்தை யார் தருவார்கள்? எங்கள் சனம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலும் கனடாவிலும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் சிதறிக் கிடந்தது.

அலெக்ஸாண்டர் போனது இரண்டாயிரத்து எட்டில். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஆமிக்காரர் ஒரு ரவுண்டப்பில், சுற்றிவளைப்பில், பிடித்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் விட்டார்கள். திரும்பி வந்த மனிதர் போன மனிதர் அல்ல. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்ததே இல்லை. சாப்பிடும்போது கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் கையில் எடுத்த சோறு கையிலேயே நிற்கும். இரவில் அவர் தூங்குகிறாரா என்று பார்க்க நான் விழித்திருப்பேன், நான் தூங்கட்டும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒருநாள் வள்ளமேறி இந்தியா போனார், அங்கிருந்து எப்படியோ பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அகதி வழக்குப் போட்டார். முதல் தடவை நிராகரித்தார்கள். மேன்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தார்.

நானும் அவருடைய அப்பா சிங்கராசாவும் ஊரிப்பாட்டில் காத்திருந்தோம். மாமிக்கு ஏற்கெனவே சேமக்காலையில் சிலுவை நட்டாகிவிட்டது. மாமா எங்கள் கோயில் மூப்பர். காலையில் கரைவலை, பின்னேரம் கோயில் மணி. கைபேசியைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்.

முதலில் நான் எழுதியது வலைப்பூ. மன்னாரில் ஒரு இன்டர்நெட் கடையில் இருந்து தமிழில் தட்டித் தட்டி எழுதினேன். அதை அலெக்ஸாண்டரும் அவரோடு அறையில் இருந்த மூன்று பேரும் வாசித்தார்கள். பிறகு கையில் நல்ல போன் வந்தது, பேஸ்புக்கில் 'ஊரிப்பாடு எங்கட ஊர்' என்று பக்கம் திறந்தேன். முதல் படம் தூர்ந்துபோன கோயில் கிணறு. போட்டுவிட்டு உலை வைக்கப் போனேன். சோறு வடிக்க வரும்போது எழுபது பேர் எழுதியிருந்தார்கள். இந்தக் கிணற்றில் தண்ணி அள்ளப்போய்த்தான் என்னை இவர் பார்த்தவர் என்று டென்மார்க்கிலிருந்து ஒருத்தி எழுதினாள். அவளைக் கண்டு, நீ உயிரோடையா இருக்கிறாய் என்று மண்டபம் முகாமிலிருந்து இன்னொருத்தி கேட்டாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரிகள், இருபத்திரண்டு வருஷம் ஒருவரையொருவர் தேடாமல் தேடிக்கொண்டிருந்தவர்கள், என் கிணற்றுப் படத்தின் கீழே கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அகப்பையோடு நின்று அழுதேன்.

அதன் பிறகு எனக்கு வேலை பிடித்துக்கொண்டது. எது சனத்தை இழுக்கும், எது இழுக்காது என்று ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். அரசாங்கம் கட்டிய புது மண்டபத்தைப் போட்டால் நாய்கூட எட்டிப் பார்க்காது. கரைவலை மடியைக் கரையில் அவிழ்த்து மீன் துள்ளுகிற படத்தைப் போட்டால் போன் ஓயாது. ஒடியல் கூழ் கொதிக்கிற வீடியோவுக்குக் கனடாவில் இரண்டு குடும்பங்கள் சண்டை பிடித்தன, கூழுக்குப் பலாக்கொட்டை போடுவதா இல்லையா என்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டால் பிரான்ஸ்காரர் பார்ப்பார்கள், ஞாயிறு பின்னேரப் பூசைக்குப் பிறகு போட்டால் கனடாக்காரர் எழும்பும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ரொறன்ரோவில் இருந்த சந்தியோகு அண்ணன் எதைப் போட்டாலும் முதல் ஆளாக 'எங்கட மண்' என்று எழுதுவார். கருவாட்டுப் படத்துக்கும் 'எங்கட மண்'தான், கழுதைப் படத்துக்கும் 'எங்கட மண்'தான்.

கருவாடு விற்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தால்தான். கட்டா, சீலா, திருக்கை என்று நாங்கள் எட்டுப் பெண்கள் வெட்டிக் காயவைத்து, பையில் போட்டு, ஊர்ப் பெயரை ஒட்டி அனுப்பினோம். கொழும்பு, வவுனியா, வெளிநாடு போகிறவர்களின் பெட்டிகளுக்குள் என்று எங்கள் கருவாடு ஊர் சுற்றியது. யாரும் அதைக் கருவாடு என்று வாங்கவில்லை, ஊரிப்பாடு என்றுதான் வாங்கினார்கள். கோயிலுக்குக் கூரை வந்தது. கிணறு இறைத்தோம். மண்டபம் முகாமிலிருந்து இரண்டு குடும்பங்கள் விமானமேறி வந்தே சேர்ந்தன. அதில் ஒருத்தி வந்த மூன்றாம் நாள் என் வாசல் படலையில் நின்று, படத்தைக் காட்டி ஏமாற்றிப்போட்டாய், படத்தில் கடிக்கிற நுளம்பு இல்லையே என்று திட்டிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரி. நான் நுளம்பைப் படமெடுக்கவில்லை. கரையில் கடற்படையின் முள்ளுக்கம்பி வேலி இருந்தது, போனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் அது படத்தில் விழாது. நான் இடப்பக்கம் திருப்பினேன். ஒருநாள் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து, இந்தப் பக்கத்தை நடத்துவது யார், வெளிநாட்டில் யாரோடு தொடர்பு, புருஷன் எங்கே என்று முற்றத்தில் நின்றபடி கேட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த நாள் இறால் படம் போட்டேன். பயத்தைக் காட்டி யாரை ஊருக்குக் கூப்பிட முடியும்?

மாமா இதையெல்லாம் தன் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். கரைவலையில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும், வழிப்போக்கனாக இருந்தாலும், அவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் வலையிழுக்க ஆளில்லாமல் நானாட்டானிலிருந்து வயல் வேலை முடிந்த பெடியங்களைக் கூலிக்குக் கூட்டிவந்தார்கள். வந்தவர்களுக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை. அன்று மாமா கோபத்தோடு வந்து குந்தியிருந்து சொன்னார்:

"நாலாயிரம் பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டுறாங்கள் எண்டு சொல்லுறாய் பிள்ளை. அதில ஒருத்தனாவது வந்து கயித்தில கை வைச்சானோ?"

எனக்குச் சுருக்கென்றது. நாலாயிரம் பேரை விடுங்கள், எனக்கு வேண்டிய கை ஒன்றுதான். அந்தக் கையைத்தான் நான் வருஷக்கணக்காகப் படம் போட்டுப் படம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு படத்தையும் பார்ப்பார். எழுத மாட்டார், ஆனால் இரவு வைபரில் வந்து, சந்தியாமடத்தடியில் நின்ற பூவரசு எங்கே, சின்னத் தோணிக்கு ஏன் பச்சை அடித்தார்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்காக நான் பகல் முழுக்க அலைந்து படமெடுப்பேன்.

இரண்டாயிரத்துப் பதினாலில் எங்கள் கோயில் புனிதர் சந்தியோகுமையோரின் திருநாள் வந்தது. எங்கள் திருநாளுக்கு அழைப்பிதழ் என்று ஒன்று கிடையாது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் மூப்பர் வீடு வீடாகப் போவார். படலையில் நின்று வீட்டுக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திருநாள் வருகுது வாங்கோ என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடாத வீட்டுக்காரன் திருநாளுக்கு வரமாட்டான், ரோசம். இதில் வெளியூர்க்காரருக்கு விளங்காத விஷயம், ஆளில்லாத வீட்டிலும் மூப்பர் கூப்பிட வேண்டும் என்பது. பற்றை பிடித்துப்போன வளவின் முன்னால் நின்றும், சுவரே இல்லாத அத்திவாரத்தின் முன்னால் நின்றும் மாமா பெயர் பெயராகக் கூப்பிட்டார். கடைசியில் எங்கள் படலைக்கு வந்தார். அவருடைய சொந்தப் படலைதான். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே யாரோ இருப்பதுபோல உரக்க, "அலெக்ஸாண்டர், திருநாள் வருகுது, வாங்கோ," என்றார். திருநாள் அழைப்பில் மட்டும் மகனுக்கும் 'வாங்கோ'தான். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று பின்னேரமே அந்த வழக்கத்தைப் பக்கத்திலும் செய்தேன். மாமா கூப்பிட்ட ஒழுங்கில் எல்லாப் பெயர்களையும் எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் அவரவர் கணக்கோடு இணைத்தேன். வெறுமனே வாங்கோ என்றால் வருவார்களா? எனக்குத்தான் விளம்பரம் தெரியுமே. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வரி சேர்த்தேன். சந்தியோகு, உங்கட கிணத்துத் தண்ணி இப்ப இனிக்குது, வாங்கோ. இன்னார், உங்கட அம்மாவின்ர கல்லறைக்கு வெள்ளை அடிச்சாச்சு, வாங்கோ. கடைசிப் பெயர் அவருடையது. அலெக்ஸாண்டர், இப்ப ஒரு பயமும் இல்லை, வாங்கோ.

அந்தப் பக்கத்தில் நான் போட்டவற்றில் அதைப்போல எதுவும் ஓடவில்லை. ஊரிப்பாட்டுக்காரர் அல்லாதவர்கள்கூடப் பகிர்ந்தார்கள். திருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து பதினொரு பேர் வந்திறங்கினார்கள், புனிதரின் சுருவம் தூக்க ஆள் தட்டுப்பாடு வரவில்லை. மாமா அந்த நாலைந்து நாளும் கைபேசியைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் அலெக்ஸாண்டர் போன் எடுத்தார். நான் பந்தலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். வழமையாக முதலில் சாப்பிட்டாயா என்பார், அன்று அதைக் கேட்கவில்லை. அவருடைய வழக்கைப் பார்க்கிற இடத்தில் யாரோ இணையத்தில் தேடியிருக்கிறார்கள். என் பக்கம் அகப்பட்டிருக்கிறது. திருநாள் அழைப்பை வரிக்கு வரி மொழிபெயர்த்து வழக்கோடு சேர்த்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒரு பயமும் இல்லை என்று இவருடைய சொந்த மனைவி இவர் பெயரைச் சொல்லி உலகத்துக்கே அறிவித்திருக்கிறாள். வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு?

எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். ஆறு வருஷம் போய்விட்டது, ஒரு மனுஷி தன் புருஷனை வா என்று கூப்பிடக்கூடாதா?

"நான் உங்களைத்தான் கூப்பிட்டனான்," என்றேன்.

"ஓம். நீ என்னைத்தான் கூப்பிட்டனி," என்றார். "கேட்டது அவங்களுக்கு."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஐப்பசி முடிவில் விசாரணை. மோட்டார்சைக்கிளில் ஆட்கள் வந்து விசாரித்ததை நான் உள்ளபடி எழுதி, சுவாமியின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டுமாம். அதை நான் முன்பு அவரிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு கையால் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மறுகையால் பக்கத்தில் இறால் படம் போட்டுக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள் என்று வழக்கறிஞர் கேட்டாராம். ஒன்று, பக்கத்திலும் பயத்தை எழுத வேண்டும். அல்லது பக்கமே இருக்கக் கூடாது.

பக்கத்தில் பயத்தை எழுதினால் மண்டபம் முகாமில் ஊருக்கு வரப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற சனம் பெட்டியை அவிழ்த்துவிடும், மோட்டார்சைக்கிள் மறுபடியும் வரும். அது முடியாது. அழிப்பதென்றால் நாலாயிரம் பேரின் ஊரை நான் அழிக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். அன்று வெயிலில் கிடந்த சீலாவை எடுக்க மறந்து, காகம் கொத்திக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்து பிரேமினி எழுதினாள். அவள் நானாட்டான்காரி, பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், மாதம் தவறாமல் எங்கள் கருவாடு வாங்குகிறவள். புருஷனுக்கு அகதி வழக்கு வென்று வதிவிட அனுமதிக் காட் கிடைத்த பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். கருவாட்டுக் கதையோடு கதையாக, வழக்கு வென்றவர்கள் எப்போது ஊருக்கு வரலாம் என்று அவளிடம் கேட்டேன். அவள் நேரே போன் எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு அவர் சொல்லேல்லையோ? அவங்கள் தாற பயணப் புத்தகத்தோட எல்லா நாட்டுக்கும் போகலாம். இலங்கைக்கு மட்டும் போகேலாது."

அகதி என்று ஏற்றுக்கொண்டால், எந்த நாட்டுக்குப் பயந்து வந்தாயோ அந்த நாட்டுக்குத் திரும்ப முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு பிரான்ஸ் பிரஜாவுரிமை எடுத்தால் வரலாம், அதற்குப் பத்து வருஷமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அவளுடைய புருஷனின் தாய் செத்தபோது செத்தவீட்டை அவர்கள் போனில்தான் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. எனக்கு ஒன்றும் உடையவில்லை, வெறுமையாக இருந்தது.

அவர் இதை என்னிடம் மறைத்துவிட்டார். வழக்கு முடியட்டும், எல்லாம் சரியாகும் என்றுதான் இத்தனை வருஷமும் சொன்னார். எல்லாம் சரியாகும் என்றால் வந்துவிடுவேன் என்று அர்த்தம் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நடந்ததை உள்ளபடி சொல்கிறேன், நல்லவள் வேஷம் போடப் போவதில்லை. பக்கத்தை அழித்து வழக்கு வென்றால் அவர் வரமாட்டார். அழிக்காமல் விட்டால் வழக்குத் தோற்கும், தோற்றால் ஒருநாள் அனுப்பிவிடுவார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவார். அங்கே என்ன கேள்வி கேட்பார்களோ, எத்தனை நாள் வைத்திருப்பார்களோ, ஆனால் கடைசியில் இந்தப் படலையைத் திறந்துகொண்டு வருவார். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். ஒரு கிழமை சும்மா இருந்தேன். அந்த ஒரு கிழமையும் எந்தச் சேலையோடு அவருக்கு முன்னால் போய் நிற்பது என்றுகூட யோசித்தேன். அவர் உடம்பின் வாசம் எனக்கு மறந்துபோயிருந்தது, அது திரும்பக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை.

எட்டாம் நாள் அவர் வீடியோவில் வந்தார். முடிவு கேட்கத்தான் வந்தார், ஆனால் கேட்கவில்லை. அவர் வேலை செய்கிற உணவுக்கடையின் பின்கட்டில் ஒரு வாங்கில் உட்கார்ந்து பாண் தின்றபடி கதைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு கதவு. அது திறந்தது. ஒருவன் பெட்டியோடு உள்ளே வந்தான், போனான். மறுபடி திறந்தது, இரண்டு பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான், டமாரென்று கேட்டது. அலெக்ஸாண்டர் திரும்பவில்லை. பாணைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, போன கிழமை போட்ட படத்தில் இருந்த வள்ளம் யாருடையது என்று என்னிடம் கேட்டார். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

உலை பொங்குகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மாமா கோயில் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். வழக்கைச் சொன்னேன், திருநாள் அழைப்பு அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னேன், வென்றால் மகன் வரமுடியாது என்பதையும், பிரஜாவுரிமை எடுத்து வர எத்தனை வருஷமாகும் என்பதையும் சொன்னேன். அவருக்கு எழுபத்திநாலு வயது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அங்க அவன் நித்திரை கொள்ளுறானாமோ?"

"ஓம் மாமா. கொள்ளுறார்."

"அப்ப அழி பிள்ளை."

அழித்தேன். அழிப்பது சின்ன வேலை. நிச்சயமாகத்தானா என்று அது ஒரு தடவை கேட்டது, ஓம் என்று அமத்தினேன். நிரந்தரமாகப் போவதற்கு முன் மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம் என்று சில நாள் தவணையும் தந்தது. அந்த நாட்களில் போனை மாமாவின் ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சுவாமியிடம் போய், முற்றத்துக்கு வந்த ஆட்களைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதிக் கையொப்பம் வாங்கி அனுப்பினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பக்கத்திலும் நான் பொய் எழுதியதில்லை, வேலியை மட்டும் காட்டவில்லை.

பெட்டியைத் திறந்து போனை எடுத்தபோது உலகமே என்னைத் தேடியிருந்தது. சந்தியோகு அண்ணன் ரொறன்ரோவிலிருந்து கத்தினார், எங்கட ஊரை எங்கே கொண்டுபோய் ஒளித்தாய் என்று. அவருக்கு நான் என்ன சொல்ல? விசாரணை முடியாமல் ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது. யாரோ களவாக உள்ளே புகுந்து அழித்துவிட்டார்கள் என்றேன். அவர் தானே ஒரு பக்கம் தொடங்கி, தன்னிடம் இருந்த பழைய படங்களைப் போட்டார். எங்கள் கிணற்றின் கீழே பக்கத்து ஊரான பேசாலையின் கிணறு என்று எழுதியிருந்தார். டென்மார்க்காரி அதைத் திருத்த, இருவருக்கும் சண்டை வந்து அந்தப் பக்கம் படுத்துவிட்டது. கருவாட்டுக்கு ஆர்டர் வருவது குறைந்தது. எட்டுப் பெண்களில் மூவர் பேசாலைக்கு மீன் வெட்டும் வேலைக்குப் போனார்கள். புருஷனிடம் பறக்கப் போகிறாள், அதுதான் எல்லாவற்றையும் மூடிவிட்டாள் என்று கோயிலடியில் கதைத்தார்கள். நுளம்புக்காரி என் படலைக்கு வந்து, படத்தைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு இப்போது நடுத்தெருவில் விட்டாயே என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

எல்லாவற்றிலும் கஷ்டம் வேறு. பின்னேரங்களில் நான் போனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவேன், பழக்கம். வலை மடி கரைக்கு வரும், மீன் துள்ளும், கை தானாகப் போனைத் தூக்கும். பிறகுதான் நினைவு வரும், போடுவதற்கு இடமில்லை என்று. விசாரணை முடியும்வரை அவருக்கும் படம் அனுப்ப வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இந்தியா அந்தப் பக்கம், பிரான்ஸ் எந்தப் பக்கம் என்று தெரியாது, நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் வேண்டும் என்று இருக்கும். அவ்வளவுதான், வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்கு வேண்டும்.

தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. திரையில் அவருடைய முகம் வீங்கிச் சிவந்திருந்தது. முதலில் நான் தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வென்றுவிட்டது. பத்து வருஷக் காட். அறையில் இருந்த பெடியங்கள் பின்னால் நின்று கைதட்டினார்கள், ஒருவன் கோழி வாங்க ஓடினான். மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து போனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். கடவுளுக்கு நன்றி சொல்லு என்றார். எழுந்து வலையை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போனார்.

பெடியங்கள் அடங்கினார்கள். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். இனி உன்னை இங்கே கூப்பிட எழுதிப் போடலாம், கொஞ்சக் காலம் எடுக்கும், ஆனால் நிச்சயம் என்றார். மாமாவை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் அது தெரியும். அதைப் பற்றிப் பிறகு கதைக்கலாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு விஷயம் உன்னட்டச் சொல்லாமல் விட்டனான்," என்றார். "சொல்லப் பயமா இருந்தது. இந்தக் காட்டோட நான் இனி ஊருக்கு வரேலாது. கனகாலத்துக்கு. அப்பாவை…"

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப இருந்து?"

"பக்கத்தை அழிக்க முதலே தெரியும். மாமாவுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அழிச்சனாங்கள்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. நான் அழவேண்டியதையெல்லாம் ஐப்பசியிலேயே அழுது முடித்திருந்தேன். போனை வைக்காமல், அவர் முகத்திலிருந்து கையை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.